தாளம் தப்புகிற இரண்டு பேர்

மாத்தளை டவுனில் ஸப்வானின் மில்லுக்கு யாரும் யாருக்கும் வழி சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சின்ன ஒழுங்கைக்குள் நுழைந்து, தும்மல் வருகிற இடத்தில் நின்றால் போதும். கொச்சிக்காய் என்கிற காய்ந்த மிளகாய் அரைபடுகிற நெடி போவோர் வருவோர் எல்லாரையும் ஒரு கை பார்த்துவிடும். ஸப்வானுக்கு மட்டும் தும்மல் வராது. பதினெட்டு வருஷமாக அந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிற மனிதர் அவர். வயது நாற்பத்தொன்று. தட்டு சூடேறுகிறதா, மல்லி ஈரத்தோடு வந்திருக்கிறதா என்பதையெல்லாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

மற்ற மில்களில் பைக்குப் பை பெயர் எழுதிய துண்டு ஒட்டுவார்கள். ஸப்வான் ஒட்டமாட்டார். இடுப்பில் கட்டிப் பழசான சாரத்துத் துணியைக் கிழித்து நாடாவாக்கி, பையின் கழுத்தில் முடிச்சுப் போடுவார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, நீலத் துணி, கோடு போட்ட துணி என்று அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. பல்லேபொல பஸ்ஸில் மஞ்சள் கொண்டுவரும் அம்மாவுக்கு எந்த முடிச்சு, எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில் அரிசியோடு வருகிறவருக்கு எந்த முடிச்சு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். ஒருநாளும் பை மாறியதில்லை. "படிச்சவன் எழுதி ஒட்டுறதெல்லாம் மாறிப்போகுது, ஸப்வான் நானாட முடிச்சு மாறாது" என்று, அவரை அண்ணன் முறை வைத்து நானா என்கிற ஊரே மெச்சியது. மெச்சும்போது அவர் தலை குனிந்து சல்லடையைத் தட்டுவார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்கு வாசிக்க வராது. விஷயம் அவ்வளவுதான்.

எழுத்து தெரியாதென்று இல்லை. தனித்தனியாகக் காட்டினால் 'க' இது, 'ம' இது என்று சொல்லிவிடுவார். நாலைந்து எழுத்து ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு சொல்லாக நின்றால்தான் வினை. முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் கடைசி எழுத்து நழுவிவிடும். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை அடியும் கிண்டலும் வாங்கித் தின்றுவிட்டு, ஏழாம் வகுப்புக்குப் போகாமல் மாமாவின் கடைக்கு மூட்டை தூக்கப் போனார். மனிதர் சோம்பேறியும் இல்லை, மந்தமும் இல்லை. கெட்டுப்போன மோட்டாரைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துப் பூட்டுகிறவரை மக்கு என்று சொன்ன வாத்தியார்களை என்ன சொல்வது? சரி, அவர்களுக்கும் வேறு தெரிந்திருக்காது.

யாராவது கடிதத்தை நீட்டினால், நிரப்புகிற பாரத்தை நீட்டினால், ஸப்வான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய வீட்டுல விட்டுட்டு வந்துட்டேனே" என்பார். அப்படி ஒரு கண்ணாடி வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. அவருக்குப் பார்வை கழுகுப் பார்வை. கல்யாணமாகி மூன்றாம் நாளே மனைவி மஸீஹா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதங்களை, ஏதோ தனக்கு ஆசையாக இருப்பதுபோலச் சத்தமாக வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டாள். அதற்காக அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று ஸப்வானுக்குத் தெரியவில்லை. நன்றி சொன்னால் விஷயத்தை ஒத்துக்கொண்டதாகிவிடுமே.

நபிகள் பிறந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில் முதல் பன்னிரண்டு நாளும் பள்ளிவாசலில் மௌலிது என்கிற புகழ்ப்பா ஓதுவார்கள். வட்டமாக உட்கார்ந்து கிதாப் புத்தகத்தைக் கைமாற்றி, ஆளுக்கொரு பகுதியாக ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பைத் என்கிற பாட்டைச் சேர்த்துப் படிப்பார்கள். கிதாப் தன் பக்கம் வருவதற்கு இரண்டு ஆள் இருக்கும்போதே ஸப்வான் எழுந்து சமையலுக்குப் போய்விடுவார். சோற்றுச் சட்டியோடு நிற்பவரைப் பார்த்து, ஸப்வானைப் போலச் சேவை செய்ய ஆளில்லை என்றார்கள். அங்கிருந்தபடியே பைத்துக்கு வாயசைப்பார். மனப்பாடந்தான். ஆனால் எல்லாரும் ஒன்றாய் எழுப்புகிற இடத்தில் அவர் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி வரும். அது ஏன் என்று அவரும் யோசித்ததில்லை, சோற்றுச் சட்டி பக்கத்தில் யாரும் காது கொடுத்ததும் இல்லை.

இப்படியே ஒரு ஆயுள் ஓடியிருக்கும். ஓடவிடாமல் தடுத்தவள் மகள் அஸ்ரா.

அஸ்ராவுக்கு எட்டு வயது, பாடசாலையில் மூன்றாம் தரம். வாயாடி. மில்லுக்கு வெளியே நிற்பவரின் இருமலைக் கேட்டே ஆள் யாரென்று உள்ளேயிருந்து சொல்லுவாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் அவள் வேறு பிள்ளை. ஒரு வரி வாசிக்க வியர்த்து விறுவிறுத்துப் போவாள். 'மரம்' என்று இருந்தால் 'மடம்' என்பாள், 'ரமம்' என்பாள், பிறகு பேசாமல் இருந்துவிடுவாள். வகுப்பாசிரியை நிரோஜா டீச்சர் நல்லவர்தான், முயன்றும் பார்த்தார். வருஷத் தொடக்கத்தில் பெற்றோரை அழைத்து, இப்படியே போனால் இரண்டாம் தவணை முடிவதற்குள் அஸ்ராவை வேறொரு பாடசாலையில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இருக்கும் விசேட அலகுக்கு மாற்ற வேண்டிவரும் என்று சொன்னார். அங்கே போன பிள்ளைகள் திரும்பி வந்ததை யாரும் கண்டதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. மஸீஹா அதை வேறு உம்மாமாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அன்று முழுக்க அழுதாள்.

முதலில் ஆஸ்பத்திரியில் காட்டிப் பாருங்கள், அவர்கள் தரும் அறிக்கையை வைத்துத்தான் முடிவெடுப்போம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அங்கே பேச்சும் மொழியும் பார்க்கிற விதுஷா மிஸ் இருந்தாள். மாத்தளைப் பெண்தான், முப்பது வயதிருக்கும். அஸ்ராவின் காதைச் சோதித்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. பிறகு விதுஷா ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். அது டிக், டிக் என்று ஒரே சீராக அடித்தது. அதோடு சேர்ந்து மேசையைத் தட்டச் சொன்னாள். அஸ்ரா இரண்டு தட்டு சரியாகத் தட்டினாள், மூன்றாவதில் பிந்தினாள். பிறகு முந்தினாள், பிறகு பெட்டி ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் போனார்கள்.

விதுஷா குறித்துக்கொண்டு கேட்டாள். "நானா, குடும்பத்துல வேற யாருக்காச்சும் வாசிக்க எழுதக் கஷ்டம் இருந்திருக்கா? வாப்பா பக்கம், உம்மா பக்கம், யாருக்காச்சும்?"

"இல்ல மிஸ்" என்றார் ஸப்வான். "எங்கட பக்கம் எல்லாரும் நல்லாப் படிச்ச ஆக்கள்."

மஸீஹா குனிந்து, அவிழாத சப்பாத்து லேஸை அவிழ்த்து மகளுக்குத் திரும்பக் கட்டிவிட்டாள்.

அந்த ஒரு பதில் எவ்வளவு தூரம் போகும் என்று ஸப்வானுக்கு அப்போது தெரியாது. குடும்பத்தில் யாருக்கும் இல்லை, காதும் சரி என்றால், பிள்ளையின் பொதுவான வளர்ச்சியே மெதுவோ என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அது ஒன்றே காரணமில்லை. அங்கே வைத்த மற்றப் பரீட்சைகளையும் பிள்ளை வாசித்துத்தான் எழுத வேண்டியிருந்தது, வாசிக்க முடியாதவள் அதிலும் சறுக்கினாள். எல்லாம் சேர்ந்து அறிக்கை விசேட அலகுப் பக்கமாகச் சாயத் தொடங்கியது. விதுஷாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பிள்ளையின் பேச்சுக்கும் பரீட்சைத் தாளுக்கும் பொருத்தமில்லையே என்று சொல்லி, கொஞ்ச நாள் அவகாசம் கேட்டாள். சனிக்கிழமை காலையில் தான் நடத்துகிற சின்ன வகுப்புக்கு அஸ்ராவை அனுப்பச் சொன்னாள். பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் கட்டாயம் வட்டத்தில் உட்கார வேண்டும். சனிக்கிழமையில் மஸீஹாவுக்குத் தையல் வகுப்பு. ஆகையால் ஸப்வான் போனார்.

வகுப்பு என்றால் பாட்டும் தட்டும்தான். ஏழு பிள்ளைகள், ஏழு பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு கோலாட்டக் கம்பு. ஒரு சொல்லைப் பாட்டாக இழுப்பார்கள், இழுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தட்டு. பிறகு நடந்துகொண்டே தட்டு, பிறகு பக்கத்து ஆளின் கம்பில் தட்டு. இதற்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் நாளே ஸப்வான் கேட்டுவிட்டார்.

"பேச்சும் தாளந்தான் நானா" என்றாள் விதுஷா. "கொச்சிக்காய்னு சொல்லிப் பாருங்க. கொச், சிக், காய். மூணு தட்டு. அந்தத் தட்டு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு மூளை சரியாப் பிடிச்சாத்தான், எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்துன்னு ஒட்டும். சில பிள்ளைங்களுக்கு அந்தப் பிடி தளர்வா இருக்கும். காது நல்லாக் கேக்கும், புத்தியும் நல்லா இருக்கும்."

ஸப்வான் யோசித்தார். "மோட்டார் நல்லா ஓடுது. மெஷினும் நல்லாத்தான் ஈக்கு. நடுவுல பெல்ட் வழுக்குது. அப்பிடியா மிஸ்?"

விதுஷா சிரித்துவிட்டாள். "அப்படியேதான். இனிமே நானும் எல்லார்கிட்டயும் பெல்ட்டுன்னுதான் சொல்லப்போறேன்."

"அது பொறக்கும்போதே அப்பிடியா, இல்லாட்டி நாங்க வளத்த பிழையா?"

"பிறக்கும்போதே கொஞ்சம். பழக்கம் கொஞ்சம். அங்க பாருங்க, பிரதீபன." வட்டத்தில் எதிரே இருந்த பையனைக் காட்டினாள். அவனுக்குத் திக்குவாய், அதற்காக வந்திருந்தான். "அவங்க அப்பா கோயில்ல தவில் வாசிக்கிறவரு. அவனுக்கு ஒரு தடவை தட்டிக் காட்டினாப் போதும், பிடிச்சுக்குவான். அஸ்ராவுக்கு மூணு வாரம் எடுக்கும். ஆனா சின்ன வயசுல தினம் பழகப் பழக, மூளைக்குள்ள காதுக்கும் கைக்கும் இருக்கிற பாதை ரெண்டு பேருக்குமே உறுதியாகும். தொடங்குற இடம் வேற, அவ்வளவுதான்."

சொன்னபடி மூன்று வாரமானது. நாலாவது சனிக்கிழமை அஸ்ரா எட்டுத் தட்டு வரை பிசகாமல் வந்தாள். ஸப்வான்தான் வரவில்லை. மூன்றாவது தட்டில் அவர் கம்பு பிந்தும், பக்கத்து ஆளின் விரலில் விழும். பக்கத்தில் உட்கார யாரும் முன்வராத நிலை வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். விதுஷா மட்டும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து கம்புகளைப் பொறுக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "அஸ்ரா முதல்நாள் விட்ட அதே இடத்துலதான் நீங்களும் விடுறீங்க நானா. ஸ்கூல்ல எப்படிப் படிச்சீங்க?"

"நல்லாப் படிச்சன் மிஸ். மில் சத்தத்துல காது கொஞ்சம் மந்தம்."

மெஷினில் ஒரு ஆணி தளர்ந்தால் தெருமுனையிலேயே கேட்கிற காது அது. விதுஷா அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை நிரோஜா டீச்சர் இடியப்ப மாவுக்கு அரிசி அரைக்க மில்லுக்கு வந்தார். பையை வாங்கிக் கொட்டி மெஷினைப் போட்ட பிறகு, சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டார்.

"நானா, அஸ்ராவுக்குக் கண்ணாடி எடுத்திருக்கீங்களா?"

"கண்ணாடியா? இல்லையே டீச்சர்."

"வாசிக்கச் சொன்னா, கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்றா. பையெல்லாம் தடவிப் பாத்துட்டுச் சொல்றா. ரெண்டு மாசமாவே இப்படித்தான். கண்ணுல ஏதும் குறையோன்னு நினைச்சேன்."

ஸப்வான் மெஷினை மறந்தார். அரிசி முடிந்து மெஷின் வெறும் வயிற்றோடு ஓடியது, தட்டும் தட்டும் உரசிக் கருகல் வாடை கிளம்பியது. பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. டீச்சர்தான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அன்று பிற்பகலே ஸப்வான் மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மஸீஹாவிடம் சொன்னார். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, எனக்கு வாசிக்க ஏலாது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னோட இது அவளுக்கு வந்தீக்கு" என்றார். "நாந்தான் குடுத்தீக்கன்."

"பொறந்தது ஒங்கட பிழையில்ல" என்றாள் மஸீஹா. "அது அல்லா குடுத்தது. கண்ணாடி மட்டுந்தான் நீங்க குடுத்தது."

சொல்லிவிட்டு அவருக்குத் தேத்தண்ணி போடப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

செவ்வாய்க்கிழமை ஸப்வான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். நம்பர் எடுத்து, பிள்ளைகளோடு இருந்த உம்மாமார், அம்மாமார் நடுவே பிள்ளையில்லாத ஒற்றை ஆளாக இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார். மூன்று தடவை எழுந்து வாசல்வரை போனார், மூன்று தடவையும் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அஸ்ரா வரலையா நானா?" என்றாள் விதுஷா.

"இது என்னப் பத்தி மிஸ்." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எனக்கு வாசிக்க ஏலா. ஆறாம் வகுப்போட நிப்பாட்டினது. எழுத்து ஒண்ணொண்ணாத் தெரியும், சேத்து வெச்சா ஓடிரும். அண்டைக்கு நீங்க கேட்டீங்க, குடும்பத்துல யாருக்கும் இல்லண்டு சொன்னேன். அது பொய். பொறகு காதுல குறையெண்டு சொன்னதும் பொய்."

ஆறுதல் சொல்லுவாள், அல்லது கோபிப்பாள் என்று நினைத்திருந்தார். விதுஷா இரண்டும் செய்யவில்லை. அலுமாரியைத் திறந்து அஸ்ராவின் பைலை எடுத்து, பேனாவைத் திறந்தாள்.

"ஒங்க வாப்பா எப்படி நானா?"

ஸப்வானுக்கு அப்போதுதான் உறைத்தது. "தினம் பேப்பர் வாங்குவாரு மிஸ். ஆனா பக்கத்துக் கடைக்காரர வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருப்பாரு. அவரு தானா வாசிச்சு நான் கண்டதே இல்ல."

அவள் எழுதிக்கொண்டே போனாள். அவரையும் மேசையைத் தட்டச் சொன்னாள், சில சொற்களைத் துண்டு துண்டாக உடைக்கச் சொன்னாள், எழுத்தில்லாத படக் கணக்குகளைக் கொடுத்தாள். படக் கணக்குகளை அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். எல்லாம் முடிந்தபிறகு பேனாவை மூடினாள்.

"ஒங்களுக்கு இருக்கறதுக்கு ஒரு பேர் இருக்கு நானா. டிஸ்லெக்சியா. புத்திக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. குடும்பத்துல ஓடுறது. அஸ்ராவுக்கும் அதேதான்னு இப்ப என்னால தைரியமா எழுத முடியும். அவளுக்குப் பரீட்சைய திரும்ப வைக்கச் சொல்லுவேன், இந்தத் தடவ கேள்விய வாசிச்சுக் காட்டி."

அந்தப் பெயரை ஸப்வான் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மக்கு, மூதேவி, மாடு என்று எத்தனையோ பெயர் வாங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்துச் சொல்கிற, காய்ச்சல் இருமல் போல ஒரு பெயர் இதற்கு இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. நாற்பத்தொரு வயது மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே காத்திருந்தவர்களுக்குக் கேட்காதபடி கொஞ்சநேரம் அழுதார். விதுஷா அடுத்த நம்பரைக் கூப்பிடாமல் இருந்தாள். அந்தச் சில நிமிஷத்துக்காக இன்றைக்கும் ஐந்து வேளைத் தொழுகையிலும் அவளுக்கும் சேர்த்துத்தான் துஆச் செய்கிறார்.

போகும்போது அவள் ஒன்று சொன்னாள். "பாட்டும் தட்டும் மருந்தில்ல நானா. அது படிச்சா எல்லாம் சரியாயிடும்னு சொன்னா அது பொய். அவ பிறந்த மாதிரிதான் இருப்பா. ஆனா சின்னப் பிள்ளை மூளை, இப்ப பழக்கினா நல்லாப் பழகும். தினமும் காமணி நேரம். விட்டுறாதீங்க."

"எனக்கு?"

"ஒங்களுக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். கதவு மூடிடல."

அன்று பாடசாலை விட்டு அஸ்ரா மில்லுக்கு வந்தபோது, ஸப்வான் மோட்டாரை நிறுத்தினார். இருக்கிற பைகளை அப்படியே விட்டுவிட்டு, அரிசி மூட்டைமேல் அவளைத் தூக்கி வைத்தார்.

"மகள், வாப்பாக்கு வாசிக்க ஏலா."

அஸ்ரா நம்பவில்லை. "பொய்."

"சத்தியமா. எழுத்தெல்லாம் ஓடிரும்."

"எனக்குப் போலயா? கடைசி எழுத்துக்குப் போகக்குள்ள முதல் எழுத்து மறந்துருமா?"

"எனக்கு முதல் எழுத்தப் பிடிக்கக்குள்ள கடைசி எழுத்து போயிரும்."

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடி இல்ல மகள். ஒருநாளும் இருந்ததில்ல."

அஸ்ரா யோசித்துப் பார்த்து, "எனக்கும் இல்ல" என்றாள். பிறகு மூட்டையிலிருந்து இறங்கி, அவர் பக்கத்தில் மிகவும் நெருங்கி நின்றுகொண்டாள். வாசிக்கத் தெரியாத பிள்ளை வகுப்பில் அவள் ஒருத்திதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். இனி வீட்டில் இரண்டு பேர்.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் சுபஹுத் தொழுது வந்ததும் இருவரும் மாவுத் தகரத்தைக் கவிழ்த்துப்போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மஸீஹா ஒரு சொல்லை ராகமாக இழுப்பாள், இவர்கள் தட்டுவார்கள். பிறகு அதே சொல்லைத் தாளில் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு துண்டாக வாசிப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன காலங்காத்தால தகரம் அடிக்கிறீங்க என்று கேட்டார்கள். ஸப்வான் கூசாமல் சொன்னார். "நானும் மகளும் வாசிக்கப் பழகுறோம்." அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு முப்பது வருஷம் எடுத்திருந்தது. சொன்ன பிறகு வானம் இடிந்து விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் பேரனுக்கும் இப்படித்தான் என்று சொல்லி, விதுஷா மிஸ்ஸின் நாள் கேட்டுக்கொண்டு போனார்.

அஸ்ரா முந்தினாள். இரண்டு மாதத்தில் மூன்று சொல் வரிகளைத் தடுமாறி என்றாலும் முடித்துவிடுவாள். ஸப்வான் இன்னும் இரண்டு சொல்லில்தான் நின்றார். அவர் தாளம் தப்பும் இடங்களில் அவள் பொறுமையாகத் தகரத்தைத் தட்டிக் காத்திருப்பாள். சரியான சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடாதே என்று விதுஷா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த எட்டு வயது வாய் அதை எப்படி அடக்கிக்கொண்டது என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டாம் தவணையின் கடைசி வாரத்தில் பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. விதுஷாவின் புதிய அறிக்கை போய்ச் சேர்ந்திருந்தது, அதன்மேல் கூடிப் பேசி முடிவும் எடுத்துவிட்டார்கள். என்ன முடிவு என்று மட்டும் யாரும் போனில் சொல்லவில்லை. முதல்நாள் முழுக்க மஸீஹா சாப்பிடவில்லை. காலையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். ஸப்வான் அஸ்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு பாடசாலை அதிபரின் அறைக்குள் நுழைந்தபோது, அங்கே நிரோஜா டீச்சரும் இருந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிபர் ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தார். "முடிவு இதுல இருக்கு. கீழ கையெழுத்து வெச்சாச் சரி. டீச்சர், வாசிச்சுக் காட்டுங்க."

கையெழுத்து ஸப்வானுக்கு வரும். சின்ன வயதில் படம் வரையப் பழகுவதுபோலப் பழகிக்கொண்டது. இதுவரை போட்ட அத்தனை கையெழுத்தையும் யாரோ வாசித்துச் சொன்னதை நம்பித்தான் போட்டிருக்கிறார். நிரோஜா டீச்சர் கடிதத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

"நானே வாசிக்கிறன் டீச்சர்" என்றார்.

டீச்சர் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மேலே ஐந்தாறு வரி அரசாங்கத் தமிழ் நெருக்கமாக அடித்திருந்தது. அதைப் படித்தவர்களே மூச்சு வாங்கித்தான் வாசிக்க வேண்டும். டீச்சர் விரலால் அதைத் தாண்டி, நடுவில் தனியாக இருந்த ஒரு வரியைக் காட்டினார். "இது மட்டும் போதும் நானா. மேல இருக்கிறதெல்லாம் சும்மா விலாசம் மாதிரி."

ஸப்வான் இடது கையால் மேசை விளிம்பைத் தட்டினார். "அஸ். ரா." அது சுலபம், தினமும் பார்க்கிற பெயர். அடுத்த சொல் நீளமாக இருந்தது. "தொ." தட்டு தப்பியது. திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் தப்பியது. காது சூடாகியது. கை தன்னாலே சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது, அவர் அதை இழுத்து மேசைமேல் வைத்தார். வெளியே இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் இரைந்துகொண்டு ஓடினார்கள். அஸ்ரா ஓடவில்லை. அவர் முழங்காலில் ஒரு விரலால் தட்டத் தொடங்கினாள், சீராக, அவசரமில்லாமல்.

"தொ. டர்ந். து." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இதே. வ. குப். பில்." நெற்றியில் வியர்வை. இன்னும் ஒரு சொல் பாக்கி, அந்த ஒன்றில்தான் பிள்ளையின் வருஷம் முழுக்க இருந்தது. "கற். க." கற்க என்று வந்துவிட்டது. கற்க முடியாது என்றும் இருக்கலாம். மிச்சத் துண்டைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. அஸ்ராவின் விரல் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

"லாம்" என்றார். பிறகு சேர்த்து, "கற்கலாம்."

நிரோஜா டீச்சர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அஸ்ரா மேசை விளிம்புக்கு மேலாகக் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று ஸப்வானுக்குத் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களெல்லாம் வரிசையில் நின்றால் அந்த அறை போதாது.

அதிபர் பேனாவை எடுத்து நீட்டினார். ஸப்வான் அதை வாங்கவில்லை.

"இன்னொரு தரம் வாசிக்கட்டுமா சேர்?" என்று கேட்டார்.